மரக்கால்

தகட்டை அடுப்பில் வைத்தால்
நூற்றெண்பது டிகிரியில் கண்ணாடிபோல் தெளியும்,
தொய்யும்.
அந்த நொடியில் எடுத்து
மாவுக்கட்டு அச்சின்மேல் போர்த்திவிட வேண்டும்.
பிந்தினால் சுருக்கம்.
சுருக்கம் பட்ட இடத்தில் தோல் புண்ணாகும்.
குயிட்டோ பட்டறையில் பதினோரு வருடமாக
இதுதான் எனக்குச் சோறு.
முழுக்கப் பிளாஸ்டிக்.
ஊரார் மரக்கால் என்றே சொல்கிறார்கள்.

ஃபெலிஸ்மினாவின் முதல் காலுக்கு வயது ஐந்து.
இடது, முழங்காலுக்குக் கீழே.
கிழங்குத் தோட்டத்து வரப்பில் போனது.
சண்டை முடிந்து ஒன்றரை வருடம் கழித்து.

இருக்கிற கால் வளரும், நான் செய்தது வளராது.
எட்டு மாதத்துக்கு ஒரு தடவை
இடுப்பு சாய்ந்து வருவாள்,
சரக்கு ஒருபக்கம் உருண்ட லாரி மாதிரி.
நாடா பிடிக்கும்போது கேட்பாள்:
"மெஸ்த்ரே, இதுக்கும் கொஞ்சம் சோறு போட்டுப் பார்க்கலாமா?"

பழைய காலைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி.
பாதம் அடுத்த பிள்ளைக்கு உதவும், போல்ட்டும்.
பாதம் வந்தது. போல்ட் வந்தது.
தொடையடியில் மாட்டும் கிண்ணம் மட்டும்
ஒருமுறைகூட வரவில்லை.
நாய் தூக்கிப் போச்சு என்றாள் அவள் தாய் சிலோம்போ.
அடுத்த தடவை, மழையில் போச்சு.
மூன்றாவது தடவை,
அதே நாய்.

சனிக்கிழமை சந்தையில் பார்த்தேன்.
மக்காச்சோள மாவு வெள்ளைக் குவியல்,
முன்னால் நான்கு கிண்ணங்கள், மணலில் புதைத்து.
விளிம்பில் என் கட்டைவிரல் அழுத்தியது தெரிகிறது.
கழுவிக் காயவைத்து,
போல்ட் துளையை மெழுகால் அடைத்திருந்தாள்.

ஐந்து வயசு இருபது குவான்சா.
ஆறு வயசு முப்பது.
ஒருத்தி இடுப்பில் கைவைத்துச் சண்டை போட்டாள்:
"ஏழுக்குக் காசு வாங்கிட்டு
ஆறுல அளக்கிறியே, நியாயமா?"
சிலோம்போ பதில் சொல்லாமல்
தலை தட்டாமல்
கோபுரமாகக் குவித்துக் கொட்டினாள்.

கோபமாகத்தான் போனேன்.
பதிவேட்டில் நான்கு வரி காலி,
லுவாண்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.
ஆனால் எனக்கு முன்னால் ஆறு பேர்.
நின்றேன்.
என் வலது கால் இருக்கும் கிண்ணத்துக்குள்
வியர்வை ஊறி, உறை நழுவி,
இல்லாத சுண்டுவிரல் அரிக்க ஆரம்பித்தது.

"எதுல?" என்றாள் சிலோம்போ குனிந்தபடி.
அப்புறம் நிமிர்ந்தாள்.
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
பின்னாலிருந்தவன் சாக்கால் முதுகில் இடித்தான்.

மூட்டைமேல் உட்கார்ந்து
சில்லறை அடுக்கிக்கொண்டிருந்த ஃபெலிஸ்மினாதான்
வழக்கை என்னிடம் கொண்டுவந்தாள்:
"என் காலில்தானே அளக்கிறாங்க மெஸ்த்ரே,
எனக்குக் கால் பங்காவது வேண்டாமா?"

"பெரியதில்" என்றேன்.

ராத்திரி கூழ் கிண்டும்போது
மாவில் வெள்ளையாக ஒரு நூல்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
காலுறை நூல்.
எடுத்துப் போட்டுவிட்டு
மறுபடி கிண்டினேன்.