பகல் தூக்கம்

பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆறு டிகிரி.
டுலூத்தில் இதற்குப் பெயர் வசந்தம்.

வாசலில் வைத்துவிட்டுப் போன என் புது பூட்ஸை
பெட்டியோடு எவரோ தூக்கிப் போய்விட்டார்கள்.
எட்டாம் அளவு. கடிக்கட்டும் அவர்களுக்கு.
அதனால்தான் இந்தக் கேமரா.

நிலவறையில் பிரேக்கரை இறக்கினேன்.
எது எதற்கு என்று ஒட்டியிருந்த சீட்டில்
வெண்டலின் கையெழுத்து:
‘மணி, குளியலறை, இன்னும் ஏதோ ஒன்று.’
அந்த ஏதோ ஒன்று என்னவென்று
இருபது வருடம் இரண்டு பேருமே தேடவில்லை.

பழைய பொத்தான் இரண்டே திருகில் நின்றிருந்தது.
கழற்றியதும் இரண்டு கம்பிகள்,
மீசைபோல.
ஒன்று மெல்ல உள்ளே நழுவியது.
சுவருக்குள் போனால் போனதுதான்.
கொறடு கீழ்ப்படியில் கிடக்க
பல்லால் கவ்வினேன்.
உதடு செம்பில் ஒட்டிக்கொண்டது.
அப்படியே நின்றேன், என் வீட்டையே முத்தமிடுகிறவள்போல,
எதிர்வீட்டு ஆர்விட் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டுப்
பார்த்துக்கொண்டிருக்க.

டிரான்ஸ்ஃபார்மர் பத்து வோல்ட்தான் தரும்.
கேமராவுக்குப் பதினாறு வேண்டும்.
கடைப் பையன் கேட்டான்:
மாட்ட ஆள் வருவாரா, அம்மா?
ஒரு முழுப் பாலத்தை
இருபத்தாறு வருடம் தூக்கித் தூக்கி இறக்கியவள் நான் என்று
சொல்லவில்லை.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

பாலத்தில் எனக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட்.
இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்
இருட்டிலிருந்து ஊதும். நான் பதிலுக்கு ஊதுவேன்.
விடிந்து வந்து படுத்தால்
பகல் மூன்று மணிவரை பிணம்.

அந்த நாட்களில் எங்கள் வாசல் மணி
மாவில் குத்து விழுந்தாற்போல
டப் என்னும். இன்னொரு டப் என்னும்.
கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும்.
நான் திட்டுவேன்:
உன் மணியும் உன்னைப் போலத்தான்,
வாய்க்குள்ளேயே பேசுகிறது.
அவன் செய்தித்தாளைத் திருப்புவான்.

இன்றைக்கு மணிப்பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
இரண்டு பித்தளைத் தகடுகள்.
தகடுகளுக்கும் சுத்திக்கும் நடுவே
மடித்துச் செருகிய
ஒற்றைக் காலுறை.
சாம்பல் நிறக் கம்பளி,
குதிகாலில் நீல நூல் ஒட்டு.
ஒட்டுப் போட்டது நான்.
ஜோடி எங்கே என்று
துணி உலர்த்தும் எந்திரத்தின் முதுகைக் கழற்றித் தேடியதும்
நான்.

வெண்டல் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம்,
விஸ்கான்சினில், லவோனோடு இருக்கிறான்.
அவள் பகலில் வேலைக்குப் போகிறவள்.

ஃபோனை எடுத்தேன்.
வைத்தேன்.
காலுறையை ரேடியேட்டர் மேல் விரித்துப் போட்டேன்,
அதில் ஈரம் எதுவும் இல்லை என்றாலும்.

பிறகு மிச்ச வேலை: கம்பியை முறுக்கி, திருகை இறுக்கி,
பிரேக்கரை ஏற்றி,
வெளியே போய் அழுத்தினேன்.
டிங்.
டாங்.
கடவுளே, இவ்வளவு சத்தமா நீ?
ஆர்விட்டின் நாய் கொதித்து எழுந்தது.
என் கோட்டுப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது:
‘உங்கள் வாசலில் யாரோ நிற்கிறார்கள்.’
பார்த்தேன்.
பெரிய மூக்கு. உதட்டில் காய்ந்த ரத்தம்.
பின்னால் கிண்ணம்போல வளைந்த ஏரி.
கதவு திறக்கக் காத்திருக்கும் முகம்.

உள்ளே வந்து செயலியில் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
மணி ஒலிக்கக் கூடாத நேரம் உண்டா?
ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.
உடம்புக்கு அது இன்னும் தெரியாது.
காலை எட்டு முதல் மூன்று வரை, என்றேன்.
இந்த அட்டவணைக்கு ஒரு பெயர் கொடுங்கள், என்றது.

வெண்டல் என்று அடித்தேன்.
அழித்தேன்.
காலுறை.
சேமி.