இரண்டு கிலோ எண்ணூறு

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
மழை நின்ற பின்னும் மழை சொட்டுகிற இடத்தில்
என் கடை.
அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர்.
போர்டில் என் பெயர் இல்லை.
"ஓனர் எங்கே?" என்று கேட்பவரிடம்
"இந்த ஸ்பானரைக் கொஞ்சம் பிடிங்க" என்பேன்.

ரசல்ராஜ் வந்தது செவ்வாய்க்கிழமை.
அழகியமண்டபத்தில் பரோட்டா மாஸ்டர்.
பழைய கார், புதுப் பெருமை:
நாலு கறுப்பு அலாய் வீல்.
"நாலும் ஃபோர்ஜ்டாக்கும். வித்தவன் சத்தியம் செஞ்சான்.
ஆனா பின்னாடி இடது பக்கம் மட்டும்
டெய்லி காத்து எறங்குது."

சோப்புத்தண்ணி பூசினேன்.
டயரில் ஆணி இல்லை, வால்விலும் குற்றம் இல்லை.
விளிம்பின் உள்பக்கம்
தலைமுடி ஒட்டியது போல ஒரு கோடு.
அதன் நுனியில் ஒரு குமிழி
கடுகளவு, மிளகளவு,
புன்னைக்காய் அளவு.
உடைந்தது.
இன்னொன்று.

பக்கத்துக் கடையில் ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசை
இரவல் வாங்கினேன்.
"ஈரமா, ஒணங்கினதா?" என்றார் ஞானாபரணம்
தலை நிமிராமல்.
மூன்று வீல், தலா ஏழு கிலோ அறுநூறு.
நாலாவது பத்து நானூறு.
முள் ஆடி நின்ற இடத்தில்
ரசல்ராஜின் முகமும் நின்றது.

"ஒரே டிசைன். ஒரே கறுப்பு. பிறகென்ன?"

பிறகென்ன. எங்கே தொடங்க?
"வீட்டில ஆப்பம் உண்டா?" என்றேன்.
"ஞாயித்துக்கிழமை உண்டு."
"இது அதுதான்.
அலுமினியத்தை உருக்கி அச்சில வார்த்தது.
ஊத்தும்போது உள்ள போன காத்து
எல்லாமே வெளிய வந்திராது.
ஆப்பத்துக்கு ஓட்டை அழகு."

"மத்த மூணு?"

"அது உங்க வேலை மாதிரி.
உருக்கல்லை. கட்டியாவே சூடாக்கி
ஆயிரக்கணக்கான டன் வச்சு அமுக்கினது.
உள்ள இழை இழையா
போகவேண்டிய பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்.
கொஞ்சம் உலோகமே போதும், அதான் கனம் குறைவு.
குழியில விழுந்தா அது வளையும்.
இது கீறும்."

"அப்ப அது பொட்டவே பொட்டாது?"

"பொட்டும். அதுக்குத் தக்க குழியை
நம்ம ஊர்ல தோண்டாமலா இருப்பாங்க?"

சிரித்தார். பிறகு அந்த நாலாவதை
காலால் தள்ளினார்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஊரில் ஓடுகிற அலாய் முக்கால்வாசியும் வார்ப்புதான்,
என் வண்டியில் இருப்பதும் அதுதான்.
வார்க்கப்பட்டது இதன் குற்றமில்லை.
அடிக்கப்பட்டதாகச் சொன்னதுதான் குற்றம்.
அதையும் இது சொல்லவில்லை.

"ஒரு வெல்டு வச்சுத் தாங்களேன்."
"பின்னாடி இடது சீட்ல யாரு இருப்பா?"
மகளாக இருக்கும். அவர் சொல்லவில்லை,
வெல்டு பேச்சையும் மறுபடி எடுக்கவில்லை.

ஃபோர்ஜ்டு ஒன்றின் விலை கேட்டார்.
சொன்னேன்.
பாலத்துக்கு மேலே ஒரு பஸ் போனது.
தராசில் ஒரு சொட்டு விழுந்தது.

பத்து நாள் கழித்து
நாலு வார்ப்பு வீலில் போனார், கையசைத்தபடி.
மூன்றையும் நாகர்கோவிலில் ஒரு பையனிடம் விற்றாராம்.
அந்தப் பையன் நேற்று போன் செய்தான்:
"அக்கா, மூணு ஃபோர்ஜ்டு கையில இருக்கு.
நாலாவது, அதே டிசைன், அதே கறுப்பு,
உங்க கடையில எங்கயாவது கிடக்குமா?"

கம்ப்ரசருக்குப் பக்கத்தில் கிடந்தது.
தூசியைத் துடைத்தால் மினுங்கும்.
பையனின் குரலில் அத்தனை ஆசை.

"இல்லை" என்று வைத்துவிட்டு
சாக்பீஸ் தேடினேன். கிடைக்கவில்லை.
ஆணி ஒன்றை எடுத்து
கறுப்புக்கு அடியில் வெள்ளை தெரியும்வரை
முகப்பிலேயே கீறினேன்:
வார்ப்பு.