ஐந்தாவது அட்டை

எர்ணாவூர்ப் பள்ளிக்கு
இன்வர்னெஸ்ஸிலிருந்து வந்த ஃபியோனா மிஸ்ஸுக்கு
மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது.
சுக்குத்தண்ணி கொடுத்தேன்;
முகம் கோணாமல் குடித்தார்.

அரைக்குரலில்தான் பாடம்.
நான்கு அட்டை:
சன்னி, க்ளௌடி, ரெய்னி, ஸ்னோயி.
டுடே இட் இஸ்?

மோனிஷா எழுந்துபோய்
ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு
நான்காவதை எடுத்தாள்.

மிஸ் சிரித்தார். நோ, நோ.
தன் ஊர்ப் பனியைக்
கைகளால் தூவிக் காட்டினார்:
சத்தமே இல்லாமல்
கூரைமேல், காயும் துணிமேல்.

"அதேதான் மிஸ்! பவர்அவுஸ்லேர்ந்து
நைட்டெல்லாம் கொட்னுச்சு!"

அவருக்குத் தமிழ் தெரியாது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
சாம்பலுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும்,
வாய் உடனே வரவில்லை.

மறுநாள்
ஐந்தாவதாய் ஒன்று வரைந்து வந்திருந்தார்.
நிறம் தீட்ட
பென்சிலே போதுமாயிருந்தது.