பின்பக்கம்

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எனக்குப் பல்லைப் பார்க்கத்தான் சம்பளம்.

ஷார்ஜா, தொழிற்பேட்டை பத்து.
ஹாம்பர்க்கிலிருந்து நாற்பதடிக் கண்டெய்னர்.
செத்தவர் வீட்டுச் சாமான்கள்:
கட்டில், கம்பளம், காலால் மிதிக்கும் தையல் மிஷின்,
அதன் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா.
குலுக்கினேன். உண்டியல் சத்தம்.
"பொத்தான்தான், கிலோவில் போடு" என்றான் பவுன்ராஜ்.

பொத்தான் இல்லை. எண்ணினால் அறுபத்து மூன்று.
பீங்கானில் ஊதாப்பூ.
கண்ணாடியில் வண்ணத்துப்பூச்சி.
மரத்தில் கட்டைவிரல் நகமளவு குதிரை, ஒரு காது மழுங்கியது.
குழந்தைகள் அடம்பிடித்து வாங்கியிருப்பார்கள்,
அத்தனை அழகு.

திருப்பினேன்.
தகரத்தின் முதுகில் டபிள்யூ, எச், டபிள்யூ.
செய்த ஊரின் பெயர் பாதி தேய்ந்து,
ஒரு வருஷம், முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ.
சிலதில் கழுகு. கழுகின் காலடியில்
கடுகளவு வளைந்த சிலுவை.

மூன்று ராத்திரி, கட்டிலின் மேல்தட்டில்,
செல்போன் வெளிச்சத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்:
குளிர்கால உதவி நிதி.
தெருமுனையில் சிவப்பு உண்டியலோடு ஆள் நிற்பான்.
இருபது ஃபென்னிக் போட்டால் ஒரு பூ.
நெஞ்சில் குத்திக்கொண்டால் உண்டியல் விலகிப்போகும்,
வெறும் நெஞ்சைக் கண்டால் குலுங்கும்.
அடுத்த வசூலுக்கு வேறு பூ, பழையது செல்லாது.
தருமம் தலைகாக்கும்.
அங்கே அது பழமொழி இல்லை, நடைமுறை.

ஒருவரும் பசிக்கக் கூடாது, குளிரில் நடுங்கக் கூடாது
என்பது அவர்கள் வாசகம்.
அந்த 'ஒருவரும்' என்ற சொல்லுக்குள்
யூதர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.
அவர்களுக்கு வேறு வரிசை.
பிறகு வேறு ரயில்.

வெளியே நாற்பத்தேழு டிகிரி.
குளிர்கால நிதி
என் உள்ளங்கை வியர்வையில் வழுக்குகிறது.

தேராவிலிருந்து நஸீப் வந்தார், சொந்த லென்ஸோடு.
"கழுகு எத்தனை?"
பதினொன்று.
பூவையும் குதிரையையும் புறங்கையால் ஒதுக்கினார்.
எனக்கு நேர்மாறு.
கழுகு நிழலாடினால் கோழிக்குஞ்சுகூட ஓடி ஒளியும்.
ஊதாப்பூவைக் கண்டு
யார் ஒளிவார்கள்?

போன வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல காரியம்.
பத்து திர்ஹாம், சட்டைப்பையில் ஒரு பச்சை நாடா.
நாடா இல்லாதவனை பஸ் படியில் நிறுத்தி
ஃபோர்மேன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
நான் இரண்டாய் வாங்கி வைத்தேன்,
ஒன்று, சட்டை துவைக்கிற நாளுக்கு.
அதுவும் இதுவும் ஒன்றில்லை, தெரியும்.
ஒப்பிட்டுப் பேச நாக்கு கூசுகிறது.
ஆனால் கை தானாகப் போய்
அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது.

ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும் ஊசி வளையவே இல்லை.
கொக்கி திறந்த தடம் இல்லை.
வாங்கியிருக்கிறாள்
(அவள் என்று ஏன் சொல்கிறேன்? தையல் மிஷினால்தான்),
குத்திக்கொள்ளவில்லை.
மறந்தாளா, மறுத்தாளா,
என்னைப்போல் உபரியாய் ஒன்று வாங்கினாளா?
அதற்கு மேல் தகரம் வாய் திறக்காது.
நானும் இட்டுக்கட்டப் போவதில்லை.

மீதி ஐம்பத்திரண்டும் ஜிபூட்டி போகிற பெட்டியில்.
ஏற்றுமதித் தாளில் 'பொருள் விவரம்',
விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
யோசித்து எழுதினேன்: ரசீதுகள், பழையவை.

ஃபோர்மேன் சிவப்பு மையால் அடித்தான்.
ரசீதுக்குச் சுங்க எண் கிடையாதாம்.
பொத்தானுக்கு உண்டு.