ஓரம் கருகியவை

நோட்டில் எல்லாம் இருக்கிறது.
மக்சிக் ரொகயா, மூன்று போத்தல், பணம் வந்தது.
லியோங், ஆறாம் மாடி, இரண்டு, பாதிதான் வந்தது.
கணக்கர் நல்லபெருமாள், பத்து,
தீபாவளி கழித்துத் தருவதாகச் சொன்னது.
அந்த வரி இன்னும் அடிக்கப்படாமல் நிற்கிறது.
மாவு எவ்வளவு, நெய் எவ்வளவு,
அதற்கு மட்டும் ஓர் எழுத்து இல்லை.

எண்பத்தைந்தில் கப்பல் பட்டறை
அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது.
வெல்டிங் கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு
மூன்று வாரம் பேசாமல் இருந்தவர்
நாலாவது வாரம்
யாரோ கழித்த அவன் ஒன்றை வாங்கி வந்தார்.
லிஃப்ட் ஐந்தில்தான் நிற்கும்.
ஏழாம் மாடிவரை தோளில்.

அம்மா அதை அவன் என்று சொல்லவே மாட்டாள்.
அவர் என்பாள்.
'சோறு போடுகிறவரைப் போய் அவன் இவன் என்பதா?'

இந்த அக்டோபரில்
யீஷூன் வீட்டுச் சமையலறையில்
பத்துத் தட்டு சுஜி பிஸ்கட் சுட்டுவிட்டேன்.
நெய்யைக் குறைத்து, கூட்டி.
ரவையை வறுத்து, வறுக்காமல்.
'ஏலக்காயா? சத்தியமாகக் கிடையாது'
என்றான் பெர்த்திலிருந்து எழிலன்.
'இருந்தது. நான்தான் உரித்துக் கொடுப்பேன்'
என்றாள் அக்கா.
அவர்கள் ஓய்வதற்குள் மாவு பிசைந்து முடித்திருந்தேன்.

எட்டாவது தட்டு
வெள்ளை வெளேரென்று, மேலே மெல்லிய கீறலோடு,
நாக்கில் பட்டதும் கரைந்தது.
நன்றாகத்தான் இருந்தது,
யாரோ வீட்டுப் பலகாரம்போல.

மக்சிக் ரொகயாவுக்கு எண்பத்தொன்று.
உட்லண்ட்ஸில் மகளோடு இருக்கிறார்.
டப்பாவில் ஆறு கொண்டுபோனேன்.
ஒன்றை வாயில் வைத்துக் கண்ணை மூடி
'சாமா, சாமா' என்றார்.
அதே, அதேதானாம்.
அப்பாவின் கையாம்.

பேருந்தில் திரும்பும்போது கோபமாக வந்தது.
மூன்று போத்தல் வாங்கியவருக்குத் தெரிந்திருக்கிறது,
பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை.

பதினோராவதை உள்ளே வைத்த நேரம்
எழிலன் கூப்பிட்டான்.
மகளின் பல், வீட்டுக் கடன்,
பிறகு மறுபடி ஏலக்காய்.
வாசனை வந்த பின்புதான் ஓடினேன்.
ஓரமெல்லாம் பழுப்பு. பின்வரிசை கருப்பு.
எடுக்கையில் இரண்டு உடைந்தன.
குப்பையில் கொட்டப் போனவள்
ஏனோ ஒன்றை வாயில் போட்டேன்.

முதலில் கசப்பு.
கசப்புக்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, நெய்.

அவருக்குப் பின்பக்கம் சூடு அதிகம்.
எந்தத் தட்டை வைத்தாலும் கடைசி ஆறு கருகும்.
வெள்ளையெல்லாம் போத்தலுக்கு,
எண்ணி அடுக்கி, சிவப்பு மூடி திருகி,
மூடியைச் சுற்றி டேப் ஒட்டி.
கருகியது எங்களுக்கு.
மூன்று பிள்ளைகள், தலைக்கு இரண்டு.

விற்ற பிஸ்கட்டை
நாங்கள் ஒருநாளும் தின்றதில்லை.
கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி
கருகட்டும், இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று
மூவரும் வேண்டிக்கொண்டிருப்போம்,
பட்டறையிலிருந்து கடிதம் வருமா என்று
அப்பா கீழே தபால்பெட்டியைத்
திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்.

ஸ்பீக்கரில் எழிலன் இன்னும் இருந்தான்.
'என்ன அது சத்தம்?'
'ஒன்றுமில்லை. மெல்லுகிறேன்.'
நல்லது கரையும், சத்தம் போடாது.
கருகியதுதான் பல்லில் மடக்கென்று உடையும்.

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு
'இன்னொன்று கடி' என்றான்.