சுவருக்குள் இருந்த ஆட்டம்

சொந்த ஊரில் இருபத்துநான்கு ஆட்டங்கள்.
இருபத்துமூன்றின் கையேடுகள் என்னிடம் இருந்தன.
அன்று ஒவ்வொன்றும் பத்து சென்ட்.
நான் கொடுத்தது அதைப்போல் முந்நூறு மடங்கு.
குடித்திருந்தால்கூட இதைவிட மலிவு
என்கிறாள் என் மனைவி ஒடில்.

ஐம்பத்தேழு – ஐம்பத்தெட்டுப் பருவம்.
ஸ்டர்லாக் லூன்ஸ், கடைசி இடம்.
ஏழு வெற்றி. மற்றதைக் கேட்காதீர்கள்.
ஜெயித்த அணியின் தாள்கள் எங்கும் கிடைக்கும்,
தோற்றவர்களின் தாளில் மீன் மடித்துவிடுவார்கள்.

அட்டையில் எல்லா வாரமும் அதே நீர்ப்பறவை,
சிவப்புக் கண்,
ஹாக்கி மட்டையை வாள்போலப் பிடித்தபடி.
அக்டோபரில் பதினாறு பக்கம்:
ரொட்டிக்கடை, தையல்கடை, கார் வியாபாரி,
"பையன்களே, இந்த ஆண்டு நம்முடையது" என்று
முழுப் பக்கத்தில் சுரங்க நிர்வாகம்.
நவம்பரில் கார் வியாபாரியைக் காணோம்.
கிறிஸ்துமஸ் கழிந்ததும் ரொட்டிக்கடை கால் பக்கமானது.
மார்ச்சில் மொத்தமே நான்கு பக்கம்.
பின்னட்டையில் மட்டும், முதல் நாள் இருந்த இடத்திலேயே,
சவ அடக்கம் செய்யும் ஷெவ்ச்சுக் சகோதரர்கள்:
"எந்நேரமும் அழைக்கலாம்."
புள்ளிப் பட்டியல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆறு கையேடுகளில் ஒரே பென்சில்.
மூன்று ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத
நான்கு பேரிடம் வாங்கியவை.
ஆனாலும் அந்த 9,
வால் தூண்டில் முள்ளாக இடப்பக்கம் கொக்கி போட்டு,
பார்த்ததும் தெரிந்துவிடும்.
கோல் அடித்தவர், நிமிடம்,
தண்டனைப் பெட்டிக்குப் போனவர், கூட்டம் எவ்வளவு,
எல்லாம் அதே கை.
டிசம்பர் பதினான்கில்
பதினோராம் எண், ஆர்மஸ் ஹைவோனென்,
பெயர்மேல் ஒரு கோடு.
கோடு என்றா சொன்னேன், தாளே கிழிந்திருக்கிறது.
வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் அவனை,
ஒரு கோல்காப்பாளனுக்கும்
ஒரு பழைய பேருந்துக்கும் ஈடாக.
பேருந்து ஓடவில்லை.

என்னிடம் இல்லாதது ஜனவரி பதினெட்டு.
பனிப்புயல். போர்ட் ஆல்டன் அணியின் வண்டி
பதினேழாம் மைலில் புதைந்து நின்றுவிட்டது.
அச்சடித்த அறுநூறும்
அரங்கின் கொதிகலனுக்குப் போயின என்பார்கள்.
அதே சாலையில்தான்
நான் இன்று பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
அந்த மைல்கல் வந்தால் கால் தானாகத் தளரும்.

பிப்ரவரியில் இவோன் கூப்பிட்டான், தச்சன்.
மூன்றாம் தெருவில் ஒரு சமையலறைச் சுவரைப் பிரித்தால்
குளிருக்கு அடைத்த பழந்தாள்கள், மரத்தூள்,
ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை,
நடுவே சுருட்டி வைத்த சிவப்புக் கண்.
"இது உன் பைத்தியம்தானே?" என்றான்.
பணம் வேண்டாமாம்,
இந்தக் குளிர்காலம் முழுக்க
அவன் வாசல் பனியைத் தள்ளிவிட வேண்டுமாம்.

வண்டிக்குள் விளக்கைப் போட்டுப் பிரித்தேன்.
அந்த 9.
நடக்காத ஆட்டத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறாள்.
அவளா, அவனா, தெரியாது.
எனக்கு எப்போதும் அவள்தான்.
லூன்ஸ் 6, போர்ட் ஆல்டன் 0.
அச்சில் இல்லாத பதினோராம் எண்ணை
இரண்டு பெயர்களுக்கு இடையே நெருக்கிச் செருகி
அவனுக்கு மூன்று கோல்,
கடைசியது 19:59.
அடிதடிக்கு ஐந்து நிமிடத் தண்டனையும் உண்டு.
அவனை நன்றாக அறிந்தவள்.

என் நோட்டில் ஏழு வெற்றி என்று மையால் இருக்கிறது.
அதில் கை வைக்கவில்லை.
தாளை உறையிலிட்டு
ஜனவரி பதினொன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வைத்தேன்.
ஒடில் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனாள்.

கூட்டம் என்ற இடத்தில் 1,999 என்று போட்டிருக்கிறாள்,
மூன்று கொக்கிகளும் வரிசையாக.
அரங்கில் இருக்கைகள் ஆயிரத்து இருநூறுதான்.
இன்று விடியுமுன், பதினேழாம் மைலில்,
மீதி எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்
எங்கே நின்றிருப்பார்கள் என்று பார்த்தபடி
மெதுவாக
பனியை ஓரம் ஒதுக்கிக்கொண்டு போனேன்.