ஏழரை

ஜூன் மாதத்து வெயிலைத்
திரைச்சீலை இழுத்து மூடிவிட்டுப் போவார்கள்.
மணி ஏழரை.
க்ரிம்ஸ்பியில் அந்த மாதம்
ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும்.
தெருப் பையன்கள் பந்தை
என் சுவரில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.
நாற்பத்தாறு வயதில்
பல் விளக்கி, நைட்டி மாட்டி,
கூரையைப் பார்த்துக் கிடப்பேன்.

பதினோரு வருடம் என்னைப் பிடித்திருந்தது
அந்த ஏழரை.
ஒரே வருடத்தில் முப்பத்தொரு முகங்கள். எண்ணியிருக்கிறேன்.
குறை சொல்லவில்லை, நல்ல பெண்கள்தான்.
அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும் அவர்களுக்கு.
அங்கே ஒருத்தி
எட்டுக்குள் தூங்கியாக வேண்டும்.
வாசலில் நின்று கைபேசியில் தட்டுவார்கள்:
ரோஸ்லின் ஹார்கர், படுக்கை, முடிந்தது.

பிறகு கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்தார்.
ஈரக் கோட்டு. மடியில் படிவம்.
என் உடம்பைக் கேள்வி கேள்வியாகக் கூட்டிப் பெருக்கி
கடைசியில் ஒரு தொகை சொன்னார்:
வாரத்துக்கு நானூற்றுப் பதினேழு பவுண்டு.
"உங்கள் கணக்கிலேயே வந்துவிடும்.
யாரை வைத்துக்கொள்வது, எந்நேரம், எதற்கு,
எல்லாம் உங்கள் முடிவு.
சொல்லுங்கள், என்ன வேண்டும்?"

கெட்டில் கொதித்து அடங்கும்வரை
வாய் வரவில்லை எனக்கு.
"தாமதம்" என்றேன்.
அதை எழுத அவர்
படிவத்தில் கட்டம் தேடினார்.

சமையலறை மேஜையில் நேர்காணல். மூன்று பேர்.
மூவரிடமும் ஒரே கேள்வி:
நான் முட்டாள்தனமாக ஏதாவது செய்யக் கிளம்பினால்?
தடுப்பேன், உங்கள் பாதுகாப்புதான் முக்கியம் என்றாள் ஒருத்தி.
அலுவலகத்துக்குத் தகவல் சொல்வேன் என்றான் ஒருவன்.
எந்த அலுவலகம் தம்பி, நான்தானே அது.
மீன் ஆலையில் பத்து வருடம் முள் எடுத்த ஐவி
நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"மழையா இருந்தா குடை எடுத்துக்குவேன்."

எடுத்துக்கொள்ளவில்லை. மறந்துவிட்டாள்.

முதல் வெள்ளி, இரவு பத்து மணி, க்ளீதார்ப்ஸ் கடற்கரை.
கடல் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கிப் போயிருந்தது.
அதைத் துரத்தினோம் நாங்கள்.
சக்கரம் சேற்று மணலில் அச்சுவரை இறங்க,
அவள் தள்ள, நான் கெட்ட வார்த்தை சொல்ல,
வினிகர் ஊறிய உருளை வறுவல்
மழையில் கூழாகிப் போக,
நாயோடு நடக்க வந்த கிழவர்
எங்கிருந்தோ ஒரு பலகை கொண்டுவந்து
சக்கரத்துக்கு அடியில் செருகினார்.
ஒரு வாரம் சளி, காய்ச்சல்.
என் சளி.
எவர் அட்டவணையிலும் இல்லாதது.

பொய் சொல்லக் கூடாது.
முதலாளியாக இருப்பது லேசில்லை.
வரி, விடுப்புச் சம்பளம்,
பிஸ்கட் டப்பா வழிய ரசீதுகள்.
ஐவியின் மகனுக்கு இழுப்பு வந்த இரவு
மாற்றாள் கிடைக்காமல்
நாற்காலியிலேயே விடிந்தது எனக்கு,
இடுப்பு மரத்து, நனைந்து.
அன்றைக்கு அந்த ஏழரை மணிப் பெண்களை
நினைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

மே மாதம் கடிதம் வந்தது. மறுமதிப்பீடு.
வாரத்துக்கு நான்கு மணி நேரம் குறைக்கிறார்கள்.
கீழே ஒரு கேள்வியும்:
உருளை வறுவல், இரண்டு பொட்டலம்,
இது எந்தத் தேவையின் கீழ் வருகிறது?
ஐவி பேனாவைத் திறந்துகொண்டு
என்னைப் பார்த்தாள்.
தாமதம் என்று எழுது என்றேன்.
எழுத்துக் கூட்டி எழுதினாள், கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிய.

இப்போது உட்கார்ந்து
அந்த நான்கு மணி நேரத்தை எங்கே வெட்டுவதென்று பார்க்கிறோம்.
செவ்வாய்க் குளியல் போகட்டும்.
வியாழன் சலவை பாதி.
வெள்ளி இரவில் கை வைக்காதே.
கூட்டிக் கழித்துவிட்டு ஐவி சொல்கிறாள்:
"முக்கால் மணி நேரம் இன்னும் உதைக்குது."

திரைச்சீலை திறந்து கிடக்கிறது.
பந்து சுவரில் மோதுகிறது.
மறுபடி கூட்டு என்கிறேன்,
வெளிச்சம் இருக்கிறதே.